பள்ளிக்கூடத்தில் நாய்ப் பாடம் வேண்டுமா? செட்டிநாட்டுப் பெற்றோர் விவாதம்

நாலாம் வகுப்பு டீச்சர், காரைக்குடிப் பக்கம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். நாலு, ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு பாடவேளை நாயைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று. பாதிப் பெற்றோர் ஒப்பவில்லை. "வாய்ப்பாடே வரமாட்டேங்குது, இதுல நாய்ப் பாடம் வேறயா டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் நான் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பவர்களும் சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். குட்டி நாய் அவன் கையில் பல் பதித்திருக்கிறது. நாலு நாள் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டே வந்தான். சத்துணவுக்குக் கை கழுவும்போதுதான் பார்த்தேன். ஏண்டா சொல்லவில்லை என்றால், "தொப்புளச் சுத்தி பதினாலு ஊசி போடுவாகன்னு அப்பத்தா சொல்லுச்சு" என்று அழுகிறான். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய வெறிநோய் ஊசியை நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு விட்டாயிற்று. இப்போது அரசு மருத்துவமனையில் தோள்பட்டையில், தோலுக்குள் போடுகிறார்கள். கடித்த அன்றைக்கு, பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று நாலே தடவை போனால் போதும். காசும் கிடையாது. 20 வருடத்துக்கு முந்தைய பயம் ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிட்டது. அன்றைக்கே கூட்டிப்போய் ஊசி போட்டோம், பையன் நன்றாக இருக்கிறான். வெறிநோயில் சாகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய்க்குறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, ஒரு பெண்பிள்ளை புத்தகப் பைக்குள் நாய்க்குட்டி கொண்டுவந்தாள். வீட்டு நாய் போட்ட ஐந்து குட்டியில் கடுவன் இரண்டை ஆள் வந்து கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். பொட்டைக்குட்டி மூன்றையும் ஊருணிக்கரையில் விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் அப்பா. இரண்டை விட்டுவிட்டாள். மூன்றாவதை விட மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மிச்சச் சோறு கிடைக்குமே என்று இங்கே கொண்டுவந்துவிட்டாள். அந்தக் குட்டி இப்போது எங்கள் வாசலில்தான் படுத்திருக்கிறது. இன்னும் ஒரு வருடத்துக்குள் அதுவே தாயாகிவிடும்.

கடிபடாமல் இருப்பது எப்படி என்பதையும், நாய் வளர்த்தால் நமக்கு என்ன கடமை என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன். ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொன்னால் பாடம் நிற்காது.

தேவகோட்டைத் தகப்பன்

டீச்சர், உங்கள் மனசை நான் குறை சொல்லவில்லை. எதிர்க்கிறவன் நான்தான், காரணத்தையும் சொல்கிறேன். ஆடி மாதம் என் மகள் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தாள். முக்குத் திரும்பும்போது மூன்று நாய் பாய்ந்து வந்து, அதில் ஒன்று கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. அவள் அதைத் தொடவில்லை, கல்லெடுத்து எறியவில்லை, கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் பாடம் படித்திருந்தால் அவள் தப்பியிருப்பாள்?

கடி வாங்கிய பிள்ளையிடமே போய் "நீ இப்படி நின்றிருக்கணும், அப்படி நடந்திருக்கணும்" என்று சொல்வது எனக்கு வலிக்கிறது. அந்தத் தெருவைக் காபந்து பண்ண வேண்டியவர்கள் பெரியவர்கள். 2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் மாதிரி இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோங்கள், திரும்ப அதே இடத்தில் விடாதீர்கள், சுற்றுச்சுவரைச் சரிபண்ணுங்கள் என்றது. முதலில் அது நடக்கட்டும். அப்புறம் பாடம் நடத்தலாம்.

நாலாம் வகுப்பு டீச்சர்

அண்ணே, பாப்பாவுக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது? படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது.

அதே உத்தரவில், பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் விலங்குகளிடம் நடந்துகொள்ளும் முறை, கடிபட்டால் முதலுதவி, உடனே யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சுவர் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம். சுவருக்கு நான் மனுப் போட்டிருக்கிறேன், அது கட்டி முடிகிற வரைக்கும் என் பிள்ளைகள் அந்த வாசல் வழியாகத்தானே தினமும் வந்துபோகிறார்கள்? பழியை நான் பிள்ளை மேல் போடவில்லை. ரோட்டைக் கடக்கச் சொல்லிக்கொடுக்கிறோம், அதனால் லாரிக்காரன் மேல் தப்பில்லை என்று ஆகிவிடுமா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நாய்க்கு ஓடுகிற பொருளைத் துரத்துவது பிறவிக் குணம். சைக்கிளை வேகமாக மிதித்தால் அதற்கு இன்னும் ஆங்காரம் வரும். நிறுத்தி, இறங்கி, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கூச்சல் போடாமல் மெல்லப் பின்னால் நகர வேண்டும். முதுகைக் காட்டி ஓடக்கூடாது. கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, முகத்தை முழங்காலில் புதைத்து, இரண்டு கையாலும் பிடரியையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். பத்து வயசுப் பிள்ளைக்கு இது சொன்னவுடன் வராது. மைதானத்தில் நடித்துக் காட்டி, விளையாட்டுப் போலப் பழக்கினால்தான் உடம்பில் பதியும். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பார்க்கப் போகிற நம் பையன்களுக்கு மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று சின்னதிலேயே தெரிகிறது. கூடவே இருக்கும் நாயைப் படிக்கத் தெரியவில்லை.

வால் ஆட்டினாலே சிநேகம் என்று நினைக்கிறார்கள். உடம்பு விறைத்து, வாலை நிமிர்த்தி, நுனியை மட்டும் விறுவிறு என்று ஆட்டினால் அது எச்சரிக்கை. இடுப்போடு சேர்த்துக் குழைந்து ஆட்டினால் வேறு. சாப்பாடு எதிரில் இல்லாதபோது நாக்கால் உதட்டை நக்கிக்கொள்ளும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். "எனக்குப் பிடிக்கவில்லை, விலகிப் போ" என்று அது சொல்கிற விதம் அதுதான். நாம் கவனிக்காமல் தலையைத் தடவுவோம். அடுத்தது உறுமல், அதையும் அதட்டி நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். தூங்குகிற நாய், தின்கிற நாய், குட்டி போட்ட நாய், கட்டிப்போட்ட நாய் நாலையும் நெருங்கக்கூடாது. இந்த நாலை மட்டுமாவது டீச்சர் சுவரில் எழுதி வைக்கட்டும்.

ஆனால் தம்பி கோபத்திலும் ஞாயம் இருக்கிறது. பாடம் நடத்தினால் மட்டும் நோய் போகாது. 100 நாயில் 70-க்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் நாய்க்கு நாய் பரவுவது அறுபடும். கோவாவில் வலையோடும் ஊசியோடும் தெருத்தெருவாகப் போனார்கள், அதே காலத்தில் பள்ளிக்கூடங்களில் பாடமும் எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் அங்கே நோய் கட்டுக்குள் வந்தது.

சோறு வைக்கிறவள், கானாடுகாத்தான்

எனக்குப் பயமாக இருக்கிறது டீச்சர். நாய் என்றால் கடி, நாய் என்றால் சாவு என்று பிஞ்சு மனசில் ஏற்றிவிட்டால், நாளைக்கு அந்தப் பிள்ளைதான் கல்லெடுக்கும். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. முகப்புத் திண்ணையில் மனுசர் உட்கார்ந்து வருடக்கணக்காகிறது, நாய்கள்தான் படுத்திருக்கின்றன. ராத்திரி வேற்றாள் நுழைந்தால் குரைக்கிறது அவைதானே? வைரவன்பட்டியில் வைரவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து அவர் வாகனத்தை எட்டி உதைக்கிற பிள்ளையாக நம் பிள்ளை வளரக்கூடாது. அன்பைச் சொல்லிக்கொடுங்கள்.

தேவகோட்டைத் தகப்பன்

தங்கச்சி, அன்பாகச் சோறு வைக்கிறீர்கள், சரி. அந்த நாய்களுக்கு ஊசி போட்டீர்களா? கருத்தடை பண்ணினீர்களா? எந்த இடத்தில் வைக்கிறீர்கள்? எங்கள் முக்கில் ஒருவர் தேய்பிறை அஷ்டமிக்கு ஒரு வாளி சோறு கொட்டிவிட்டுப் போகிறார். அந்தச் சோற்றுக்காக நாலு தெரு நாயும் அங்கே கூடிச் சண்டை போடுகின்றன. என் மகள் கடிபட்டதும் அதே முக்கில்தான்.

சோறு வைக்கிறவள், கானாடுகாத்தான்

அண்ணன் கேட்டது சுடுகிறது, உண்மையும்கூட. என்னிடம் வருகிற ஆறில் நாலுக்குக் கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டிருக்கிறேன். இரண்டு கைக்குச் சிக்கவில்லை. கருத்தடை ஒன்றுக்கும் இல்லை. வைக்கிற இடம் வீதியோரம்தான். பிள்ளைகள் நடக்கிற வழியிலிருந்து தள்ளி, பின்கட்டு வாசல் பக்கம் நாளையிலிருந்து மாற்றிக்கொள்கிறேன். அதற்காகப் பிள்ளைகளுக்கு வெறும் பயத்தை மட்டும் ஊட்டாதீர்கள் என்ற என் கோரிக்கையை நான் விடமாட்டேன்.

வளவு வீட்டு ஆச்சி

நான் எழுதலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எல்லாரும் தெருநாயப் பத்தியே பேசுறீக. எங்க பேரன கடிச்சது எங்க வீட்டு நாய்.

மெட்ராஸ்லேருந்து பொங்கலுக்கு வந்தாக. வீட்டுல காவலுக்குன்னு ஒரு சாதி நாய், இரண்டாங்கட்டுல தூணோட சங்கிலி. ராத்திரி பகல் அதேதான். வாட்ச்மேன் தட்டு வைப்பாரு, எடுப்பாரு, அவ்வளவுதான். அவுத்துவிட்டு நடக்கக் கூட்டிட்டுப் போக ஆளில்ல. நாங்களும் வருசத்துக்கு ரெண்டு தடவ வர்றவக. அது யாரையும் அறியாது. பேரனுக்கு அஞ்சு வயசு, நாயோட உசரந்தான் அவனும். கட்டிக்கிறதுக்குப் போனான். கன்னத்துல ஒம்போது தையல். டாக்டர் காயத்தச் சுத்தியும் மருந்து போட்டாக. முகத்துல கடிச்சா மூளைக்குக் கிட்டக்க, தாமசிக்கக் கூடாதுன்னாக.

அந்த நாயத் தப்பு சொல்லலாமா? வெயில்லயும் ஆத்திரத்துலயும் நாலு வருசம் கட்டிப்போட்டது நாங்க. இப்ப காலையிலயும் சாயந்திரமும் அவுத்து நடத்த ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கிறோம், வருசா வருசம் ஊசி போடறோம். டீச்சர், உங்க பாடத்துல நாய் வளர்க்கிற வீட்டுப் பெரியவகளையும் பின்பெஞ்சுல உக்கார வையுங்க. நான் முதல்ல வர்றேன்.

பி.எட். படிக்கிற பையன்

ஆச்சி எழுதினதைப் படித்துவிட்டு இதைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் சிட்னியில் எட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்து 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 7, 8 வயதுப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு அரைமணி நேரப் பாடம், மறுபாதிக்கு இல்லை. பத்து நாளுக்குள், சொல்லாமல் கொள்ளாமல் பள்ளி மைதானத்தில் ஒரு சாதுவான நாயைக் கட்டிவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள். பாடம் கேட்காத பிள்ளைகளில் 100-க்கு 79 பேர் போய்த் தடவினார்கள். பாடம் கேட்டவர்களில் 100-க்கு 9 பேர்தான். அரைமணி நேரத்துக்கு இவ்வளவு பலன்.

தேவகோட்டைத் தகப்பன்

பத்து நாளில் பார்த்தார்கள் தம்பி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்களா? அது கட்டிப்போட்ட நாயைப் போய்த் தொடாமல் இருக்கிற பாடம். ஆச்சி பேரனுக்கு உதவியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். துரத்தி வருகிற நாய்க்கு அது சான்று ஆகாது.

நாலாம் வகுப்பு டீச்சர்

அதனால்தான் வருடத்துக்கு ஒரு நாள் உறுதிமொழி எடுத்துவிட்டுக் கலைகிற நிகழ்ச்சியாக வேண்டாம், மாதாமாதம் வேண்டும் என்கிறேன். வெறிநோய் ஊசி கண்டுபிடித்த லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு ஒன்பது வயதுப் பையனுக்கு அதைப் போட்டது 1885 ஜூலை 6; வருடாவருடம் அந்த நாளை ஒட்டிக் கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவச ஊசி முகாம் நடக்கும். அன்றைக்குப் பிள்ளைகளையே வீடுவீடாகப் போய் "உங்க நாய்க்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்டு எழுதிவரச் சொல்லலாம் என்று இருக்கிறேன். நாயின் பக்கத்தில் போகாமல், வாசலில் நின்றபடி. பொட்டைக்குட்டியை ஊருணிக்கரையில் விடச்சொன்ன அப்பாவிடம் நான் பேசினால் கேட்கமாட்டார். மகள் நோட்டோடு வந்து "குட்டி போடாம இருக்க ஆப்பரேசன் இருக்காம்ப்பா" என்றால் கேட்பார். அவர் வீட்டுத் தாய்நாய்க்குத் தேதி வாங்கியாயிற்று.

கடிபட்டால் முதலில் செய்ய வேண்டியதையும் இப்போதே பழக்க ஆரம்பித்துவிட்டேன். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு, கழுவிக்கொண்டே பெரியவர்களைக் கூப்பிடு. கீறலானாலும் சொல், குட்டி கடித்தாலும் சொல், யாரும் திட்டமாட்டோம்.

தேவகோட்டைத் தகப்பன்

15 நிமிடம் என்கிறீர்கள். உங்கள் பள்ளிக்கூடக் குழாயில் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் வருமா? சோப்பு இருக்கிறதா? மகளைக் கூட்டிப்போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் தேடினேன், குழாயடியில் சோப்பு இல்லை.

நாலாம் வகுப்பு டீச்சர்

அண்ணே, கேள்வியைப் பார்த்துவிட்டு இன்று மதியம் கடிகாரத்தோடு போய் நின்றேன். 6 நிமிடத்தில் நூலாகி, 8-இல் நின்றுவிட்டது. சோப்பு இல்லை. நேற்று வரைக்கும் 15 நிமிடம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆயா சமையலுக்கு வைத்திருக்கும் டிரம் மாதிரி குழாய் வைத்த டிரம் ஒன்று வாங்கி, கடிக்கு மட்டும் என்று எழுதி, தினமும் நிரப்பி வைக்க வேண்டும். நிரப்புகிற பொறுப்பு ஐந்தாம் வகுப்புக்கு.

தேவகோட்டைத் தகப்பன்

டிரம் நான் வாங்கித் தருகிறேன், 200 லிட்டர். வியாழக்கிழமை கொண்டுவந்து இறக்குகிறேன். சுவர் மனுவின் நகலையும் எடுத்து வையுங்கள், அதைப் பின்தொடர்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பாடம் விஷயத்தில் என் எண்ணம் இன்னும் மாறவில்லை. மகளைக் கூட்டிவருகிறேன், சைக்கிளை நடுவில் பிடித்து நிற்பதை ஐயா ஒருதடவை அவளுக்குக் காட்டட்டும். இன்னும் அந்த முக்கு வழியாக அவள் போவதில்லை.