சென்னையில் முதலாமாண்டு, கையில் 600 ரூபாய்: ஃப்ரெண்ட்ஸ் பிடிக்க வழி?

ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஜூலையில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். தங்குவது சைதாப்பேட்டையில் சித்தி வீடு. மூன்று மாதமாகிறது. வகுப்பில் பேச ஆள் உண்டு, நாலு மணிக்கு மேல் ஒருத்தரும் இல்லை.

அப்பா மாதம் 2000 அனுப்புகிறார். பஸ், ஜெராக்ஸ், மதியச் சாப்பாடு போக 600 மிஞ்சும். எங்க செட் வெளியே போவதென்றால் வேளச்சேரி மால்தான். ஒருமுறை போனேன். நான் குடித்தது ஒரு லெமன் ஜூஸ். பில்லைச் சமமாகப் பிரித்ததில் என் பங்கு 410. அடுத்த இரண்டு தடவையும் "சித்தி வீட்ல வேலை"ன்னு சொல்லிட்டேன். இப்போ கூப்பிடுவதே இல்லை. அவங்க மேல தப்பில்லை.

காலேஜ் சமூக சேவைத் திட்டமான என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் முடிக்கணும், ஆனா வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பஸ். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் போகிறேன். காசில்லை, ஏசி உண்டு, பேசத்தான் முடியாது. எதிரே உட்காரும் ஒரு பையன் கால்குலேட்டர் கேட்டு வாங்கினான், சிரித்தபடி திருப்பிக் கொடுத்தான். ஆறு வாரமாக அந்தச் சிரிப்போடு நிற்கிறது. இரண்டு பேரை பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூப்பிட்டேன், "பார்க்கலாம் மச்சி" என்றார்கள்.

கேரம் சுமாராக ஆடுவேன், வாலிபால் நல்லாவே ஆடுவேன். இரவு எட்டரைக்குள் வீட்டில் இருக்கணும்.

சைதாப்பேட்டை, கிண்டி, அடையாறு பக்கம் வாராவாரம் அதே ஆட்கள் கூடுகிற, காசு கேட்காத இடம் ஏதாவது தெரியுமா?