ரிங்குக்கு வெளியிலும் வில்லன்தான்: ரெஸ்லிங் அனுபவங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

டிவியில் வராத சின்னச் சின்ன ரெஸ்லிங் கம்பெனிகள் இங்கே நிறைய உண்டு. பள்ளிக்கூட ஜிம்மிலோ தீயணைப்பு நிலையத்து ஹாலிலோ வாரக் கடைசியில் ரிங் போட்டு நடத்துவார்கள். இருநூறு பேர் வந்தாலே நல்ல கூட்டம். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவான கதை; சிலர் நல்லவர் வேஷத்திலும் சிலர் வில்லன் வேஷத்திலும் வருவார்கள். போன மாதம் என் பையனைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு ஷோவுக்குப் போனேன். அவனுக்கு ஒன்பது வயது.

இடைவேளையில் ரெஸ்லர்களே சுவரோரம் மேசை போட்டு டி-ஷர்ட்டும் போட்டோவும் விற்பார்கள். மேட்சுக்குக் கிடைக்கும் கூலி சொற்பம் என்பதால் இந்த மேசை வருமானம் அவர்களுக்கு முக்கியம். நல்லவர்களாக வந்தவர்களின் மேசைகளில் ஒரே நெரிசல். முதல் மேட்சில் நடுவர் திரும்பிய நேரம் பார்த்து எதிராளியின் கண்ணில் விரலை விட்டு ஜெயித்த ஆள் மட்டும் தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பையன் நேராக அங்கே போய் "நீ ஏமாத்துக்காரன்" என்று சொல்லிவிட்டான்.

அந்த ஆள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "பத்து டாலர் இருந்தா பேசு. இல்லைன்னா நகரு, வியாபாரம் கெடுது" என்றார். நான் கொடுத்த நோட்டை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து, கள்ள நோட்டா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பையனுக்குக் கோபம் பொங்கியது. "இந்தப் பொடியன் பக்கத்துல நிக்கணும்னு எனக்குத் தலையெழுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே மேசைக்கு முன்னால் வந்து ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்தார். அந்த முட்டியில் தடிமனாகக் கட்டு போட்டிருந்தார். ஊன்றும்போது வலித்தது எனக்குத் தெரிந்தது. பையனின் கையை எடுத்து முஷ்டியாக மடக்கித் தன் தாடையில் வைத்துக்கொண்டு, குத்து வாங்கியவர் மாதிரி கண்ணைச் சொருகினார். அதே நிலையில் உதடு அசையாமல் என்னிடம், "ஃபிளாஷ் போடுங்க சார், இந்த மூலையில இருட்டா விழும்" என்றார். எழுந்ததும் பழையபடி "போ போ, கூட்டம் சேர்க்காதே."

பையன் இன்னமும் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறான். போட்டோ அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. இப்படி வேஷம் கலையாமல் இருப்பதை அவர்கள் தொழிலில் கேஃபேப் என்பார்கள். அவர் சிரித்துக் கைகொடுத்து "நான் நல்லவன்தான் தம்பி" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்திருக்காது. நீங்கள் நேரில் பார்த்ததோ, டிவியில் பார்த்து மனதில் நின்றதோ இருந்தால் எழுதுங்கள்.

திண்டுக்கல்

நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை சகோ. கேபிள் டிவியும் ரெஸ்லர் படம் போட்ட டிரம்ப் கார்டும்தான். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று கூவிக் கூவி விளையாடிய தலைமுறை நாங்கள். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று எங்கள் வகுப்பில் நம்பாதவன் கிடையாது. சவப்பெட்டிக்குள் போட்டு மூடுவார்கள், மண்ணுக்குள் புதைப்பார்கள், சில மாதம் கழித்து மணி அடிக்கும், விளக்கு அணையும், ஆள் வந்து நிற்பார்.

பெரியவனான பிறகுதான் அதன் பின்னால் இருந்த உழைப்பு புரிந்தது. மார்க் கலவே என்ற மனிதர் 1990 நவம்பரில் சர்வைவர் சீரிஸ் என்ற நிகழ்ச்சியில் அண்டர்டேக்கர் வேஷத்தில் இறங்கினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம், வெளியில் தன்னைத் தானாகக் காட்டிக்கொண்டது மிக அபூர்வம். 2014இல் நியூ ஆர்லியன்ஸில் பிராக் லெஸ்னர் என்ற ரெஸ்லரிடம் தோற்றார். வருஷத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 21 வெற்றிக்குப் பிறகு முதல் தோல்வி. அந்த மேட்சில் தலையில் அடிபட்டதில் அன்றைய நாளில் பெரும்பகுதி தனக்கு நினைவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். 2020இல் வந்த ஆவணத் தொடரில் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, சாதாரண டி-ஷர்ட்டில் அவர் முழங்கால் வலியைப் பற்றிப் பேசியதைப் பார்த்தபோது எனக்கு மரியாதை கூடியது.

நம்பியாரைத் திரையில் பார்த்துச் சாபம் விட்ட பாட்டிகளுக்கே, அவர் சபரிமலைக்குப் பலரைக் கூட்டிப்போகும் குருசாமி என்பது தெரிந்திருந்தது. பழைய காலத்து ரெஸ்லருக்கு அந்தச் சலுகையே கிடையாது. கடைத்தெருவிலும் அவர் வில்லன்தான்.

டொராண்டோ

கடைத்தெரு என்று திண்டுக்கல் நண்பர் சொன்னது அப்படியே உண்மை. இங்கே ஒரு ரசிகர் கண்காட்சியில், ஓய்வுபெற்ற ரெஸ்லர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினேன். எழுபதைத் தாண்டியவர். இரண்டு காதும் அடிபட்டு அடிபட்டுத் தடித்து மடங்கிப்போயிருந்தன. கூட்டம் இல்லாததால் கொஞ்ச நேரம் பேசினார். நல்லவனும் கெட்டவனும் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே ஹோட்டலில் சாப்பிடக் கூடாது என்பது அவர் காலத்துச் சட்டமாம். ஊருக்கு ஊர் நானூறு மைல் ஓட்டும்போதும் அப்படித்தான், பெட்ரோல் செலவைப் பங்கு போடக்கூட வழியில்லை என்றார்.

1987இல் ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரே காரில் போய்ப் போலீஸில் மாட்டினார்கள். போதைப்பொருள் விவகாரம்தான் வழக்கு. ஆனால் ஒருவர் அமெரிக்கக் கொடி பிடித்தவர், இன்னொருவர் அமெரிக்காவைக் காறித் துப்பிய ஈரானியர் என்று கதை ஓடிக்கொண்டிருந்த நேரம். பகையாளிகள் சேர்ந்து பயணம் போனார்கள் என்ற செய்திதான் அவர்களுடைய WWF கம்பெனியை (இன்றைய WWE) அதிகம் உலுக்கியது. இருவருக்கும் வேலை போனது. பிற்பாடு இருவரும் திரும்பி வந்தார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எடிசன் நண்பரின் வில்லனை நான் மதிக்கிறேன், ஆனால் வேஷத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அடுத்தவரைக் காயப்படுத்துவதை ஒப்புக்கொள்ளவே முடியாது. 1984 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜான் ஸ்டாசல் என்ற டிவி நிருபர், இதெல்லாம் பொய் என்று நினைக்கிறேன் என்று WWF ரெஸ்லர் டேவிட் ஷுல்ட்ஸிடம் சொன்னார். காதோடு சேர்த்து இரண்டு அறை. நிருபர் வழக்குப் போட்டு 4,25,000 டாலரில் சமரசம் ஆனது. ஐந்தே வருஷத்தில், 1989இல், அதே கம்பெனி நியூ ஜெர்சி சட்டமன்றத்துக்கு முன்னால் போய், இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று தானே ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் வேண்டாம் என்பதற்காக. அப்புறம் அந்த இரண்டு அறைக்கு என்ன அர்த்தம்?

டில்லி

2017 டிசம்பர் 9, இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கம். டிரிபிள் எச்சும் ஜிந்தர் மஹாலும் மோதினார்கள். ஜிந்தர் கனடாக்காரர், பஞ்சாபிக் குடும்பம், கதைப்படி வில்லன். எங்கள் வரிசையில் பாதிப்பேர் அவருக்கும் பாதிப்பேர் டிரிபிள் எச்சுக்கும் கத்தினார்கள். எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. டிவியில் கேட்காத ஒன்று அங்கே கேட்டது: ஆள் விழும்போது ரிங்கின் பலகை போடும் சத்தம். மேல் வரிசை வரைக்கும் வந்து நெஞ்சில் அறையும். அதைக் கேட்டவர்கள் யாரும் இதை வெறும் நடிப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

டிரிபிள் எச் ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் விஷயம். இருவரும் சேர்ந்து ரிங்கிலேயே பாங்க்ரா ஆடினார்கள். அரங்கமே எழுந்து நின்றது.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது 1996 மே 19. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஷான் மைக்கேல்ஸ், டீசல், ரேஸர் ரேமன், இதே டிரிபிள் எச் நான்கு பேரும் ரிங்குக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டீசலும் ரேஸரும் எதிர்க் கம்பெனிக்குப் போகிறார்கள், அதுதான் கடைசி நாள். நிஜ வாழ்க்கையில் உயிர் நண்பர்கள். கதைப்படியோ இரண்டு நல்லவர்கள், இரண்டு கெட்டவர்கள். ஒரு ரசிகர் ஒளித்துக் கொண்டுவந்த கேமராவில் எடுத்ததால்தான் அது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. போனவர்களைத் தண்டிக்க முடியாது, ஷான் அப்போது சாம்பியன். மொத்தப் பழியும் டிரிபிள் எச் தலையில் விழுந்தது. அந்த வருஷம் அவருக்கென்று வைத்திருந்த கிங் ஆஃப் தி ரிங் பட்டம் கைமாறி ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. ஆஸ்டின் ஜெயித்த கையோடு, பைபிளின் யோவான் 3:16 வசனத்தைக் கிண்டல் செய்து மைக்கில் பேசிய "ஆஸ்டின் 3:16" அவரை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. கட்டிப்பிடித்ததற்குத் தண்டனை வாங்கியவர், 21 வருஷம் கழித்து எங்கள் ஊரில் எதிராளியோடு ஆடுகிறார். தடுக்க யாருமில்லை, ஏனென்றால் இப்போது கம்பெனியில் அவரும் ஒரு முதலாளி மாதிரிதான். அந்த ஆட்டத்தைப் பார்த்தது என் பாக்கியம்.

கோவை

2018 அக்டோபர் 23, செவ்வாய்க் காலை ஐந்தரை மணி. என் தங்கைக்கு ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த நாட்கள். டிவி நேரலையில் WWE ரெஸ்லர் ரோமன் ரெய்ன்ஸ் சாதாரண உடையில் சாம்பியன் பெல்ட்டோடு வந்து, என் நிஜப் பெயர் ஜோ, பதினோரு வருஷமாக லுகேமியாவோடு வாழ்கிறேன், அது திரும்பி வந்துவிட்டது என்றார். வருஷக்கணக்காக அவரை வெறுத்துக் கத்திய கூட்டம் அப்படியே உறைந்தது, பிறகு அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவர் பெல்ட்டை ரிங்கில் வைத்துவிட்டுப் போனார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்து, "பதினோரு வருஷமாண்ணா? அப்ப இத்தனை நாளும் இதை வச்சுக்கிட்டா சண்டை போட்டாரு?" என்றாள். அன்றைக்கு அவள் கேட்டுச் சாப்பிட்டாள்.

அமெரிக்காவில் அது திங்கள் இரவு. அதே நிகழ்ச்சியின் முடிவில் டீன் ஆம்ப்ரோஸ் தன் கூட்டாளி சேத் ராலின்ஸை அடித்துத் துரோகியாக மாறினார். கதைக்கு அது பொருத்தம் என்றார்கள். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. ஒரு மனிதர் தன் நோயைச் சொன்ன இரவை ஒரு வாரமாவது விட்டுவைத்திருக்கலாம். 2019 பிப்ரவரியில் ரோமன் நோய் தணிந்து திரும்பி வந்தார்.

சிங்கப்பூர்

நான் இங்கே ஒரு ரெஸ்லிங் பள்ளியில் பயிற்சி எடுத்தவன். முதல் நாள் பாடமே விழுவது. இரண்டாவது பாடம், எதிராளியின் கையை அழுத்துவது. பலமான அடிக்குப் பிறகு, பிடி போடுகிற சாக்கில் கையை ஒருமுறை அழுத்துவோம். திருப்பி அழுத்தினால் நலம். அழுத்தவில்லை என்றால் அத்தோடு திட்டமிட்ட கதை முடிந்தது. நடுவர் தலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்காகப் பிடித்துப் பெருக்கல் குறி காட்டினால், நிஜக் காயம் என்று மருத்துவருக்குச் சைகை.

எங்கள் பயிற்சியாளர் அடிக்கடி சொல்லும் கதை 1975 அக்டோபர் 4இல் நடந்த விமான விபத்து. வட கரோலினாவில் வில்மிங்டன் அருகே ரெஸ்லர்களோடு பறந்த சின்ன செஸ்னா விமானம் விழுந்தது. ரிக் ஃபிளேருக்கு முதுகெலும்பு முறிவு. ஜானி வேலண்டைன் அதன் பிறகு ரிங் ஏறவே இல்லை. அதே விமானத்தில் இருந்தவர் டிம் வுட்ஸ். கதைப்படி நல்லவர், வேலண்டைனின் பரம எதிரி. ஆஸ்பத்திரியில் தன் சட்டப்படியான பெயரைக் கொடுத்து, தான் ரெஸ்லர் இல்லை, நிகழ்ச்சி நடத்துபவர் என்று சொல்லிவிட்டார். எதிரிகள் ஒரே விமானத்தில் போனார்கள் என்ற வதந்தி பரவாமல் இருக்க, இரண்டே வாரத்துக்குள் அந்த உடம்போடு ரிங்கில் ஏறினார். பயிற்சியாளர் இதை வீரமாகச் சொல்வார். நான் அப்படிப் பார்க்கவில்லை. அடிபட்ட உடம்பைக் காவு கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாக எந்தக் கதையும் இல்லை.

நான் பார்த்தது வேறு. ஒரு சின்ன ஷோவில் ரிங்குக்கு வெளியே நாற்காலி அடுக்குகிற வேலையில் இருந்தேன். நல்லவராக வந்த பையன் மேல் கயிற்றிலிருந்து குதிக்கும்போது தோள் முதலில் பட்டுத் தரையில் விழுந்தான். வில்லன் முடியைப் பிடிப்பதுபோல் குனிந்து கையை அழுத்தினார். பதில் இல்லை. நடுவரைப் பார்த்து ஏதோ சொன்னார், நடுவர் கைகளைக் குறுக்கே தூக்கினார். கூட்டத்தில் குழந்தைகள் அதிகம், ஒரு சிறுமி அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போது வில்லன் எதிர்ப்பக்கத்துக் கயிற்றில் ஏறி, மொத்தக் கூட்டத்தையும் வம்புக்கு இழுத்தார். "உங்க ஹீரோவுக்குத் தூக்கம் வருதாம், தாலாட்டுப் பாடுங்க" என்று கத்தினார். அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பி ஊளையிட்டார்கள். காலித் தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. அவர் முதுகுக்குப் பின்னால் மருத்துவர் கழுத்துக்குப் பட்டை போட்டு, பையனைப் பலகையில் ஏற்றிக்கொண்டிருந்தார். வெளியே கொண்டுபோய்விட்டார்கள் என்று நடுவர் தலையசைக்கும் வரை வில்லன் கயிற்றை விட்டு இறங்கவில்லை.

காலர் எலும்பு முறிவு, கழுத்துக்கு ஆபத்தில்லை. அன்றைக்கு ஆம்புலன்ஸில் கூடப் போனவர் அந்த வில்லன்தான், முகத்தில் பூசிய மையைக்கூடத் துடைக்காமல்.