லிச்சித் தோட்டத்து வௌவால் கதை: எதிரொலி எங்கிருந்து வந்தது?

பாம்ப்ளமூஸ் பாண்டியன்: பழந்தின்னி வௌவால் தானே சொல்வதாக வந்த சிறுகதையை "வௌவாலாகவே வாழ்ந்து எழுதியது" என்று நேற்று இங்கே ஒருவர் புகழ்ந்தார். இரண்டாம் பத்தியிலேயே அது "என் குரலின் எதிரொலியைக் கேட்டு வழி கண்டேன்" என்கிறது. நம் மொரீசியஸ் பழந்தின்னி கண்ணாலும் மூக்காலும்தான் பழம் தேடுகிறது. வாழ்ந்த லட்சணம் இதுதானா?

செல்வி: புகழ்ந்தவள் நான். பெயரைச் சொல்லவும் மனமில்லையா, ஐயா? வலையில் சிக்கி அது விடியும்வரை தொங்கும் பகுதியைப் படித்தீர்களா?

பாண்டியன்: அதற்கு முன்பே எதிரொலி வந்துவிட்டது.

மரத்தடி: வௌவால் தமிழ் பேசலாம், எதிரொலி மட்டும் கேட்கக் கூடாதோ?

பாண்டியன்: தமிழ் பேசுவது கதைக்காக. மற்றது அறியாமை. இங்கே குகைகளில் பூச்சி தின்னும் சிறு வௌவால் இருக்கிறது. எதிரொலி அதனுடைய வித்தை. எழுதியவர் இரண்டையும் பார்த்ததே இல்லை.

செல்வி: எகிப்தியப் பழந்தின்னி நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கிறதே!

பாண்டியன்: அது வேறு இனம். கதை எகிப்திலா நடக்கிறது?

தோட்டக்காரர்: எதிரொலியோ கண்ணோ, போனது என் லிச்சி. 2015இல் அரசு வௌவால்களைச் சுட்டது சரிதான்.

செல்வி: சுட்டுச் சுட்டு, 2018இல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் அந்த வௌவாலை ஆபத்தில் ஒரு படி மேலே ஏற்றியதுதான் மிச்சம். மரத்துக்கு வலை போடுங்கள்.

தோட்டக்காரர்: உயரமான மரத்தில் ஏறி வலை விரித்துப் பாருங்கள், அம்மா. பிறகு பேசலாம்.

பாண்டியன்: வலையைப் பற்றித் தனியாகச் சண்டை போடுங்கள். இங்கே கேள்வி எதிரொலி.

மரத்தடி: போன ஆண்டு, மான் தானே சொல்வதாக நீங்கள் எழுதிய கதையைச் செல்வி குறை சொன்னார். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

பாண்டியன்: என் கதையில் தகவல் பிழை ஒன்றுகூட இல்லை. டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து மானைக் கொண்டுவந்ததுவரை சரியாக எழுதியிருந்தேன்.

செல்வி: அதைத்தான் அன்றும் கேட்டேன். எந்த மான் 1639 என்று ஆண்டு சொல்லும்?

பாண்டியன்: பாட்டி மான் சொல்லிக் கேட்டது. கதையிலேயே இருக்கிறது, நீங்கள்தான் பாதியில் மூடிவிட்டீர்கள்.

மரத்தடி: பாட்டி மானுக்கு நாட்காட்டி வாங்கிக் கொடுத்தது யார்?

பாண்டியன்: சிரியுங்கள். எதிரொலிக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

செல்வி: இரண்டாம் பகுதி வெள்ளிக்கிழமை வருகிறது. உங்களுக்குப் பிடிக்காது, படிக்காதீர்கள்.

பாண்டியன்: படிப்பேன். எதிரொலி இருந்தால் அங்கேயும் எழுதுவேன்.