துய்மோனுக்குப் பாரிசில் நாற்காலி போட்டது மதுரையா, ஆக்ஸ்ஃபோர்டா?

வைகைக்கரையான்: “பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோனைப் பிரான்சில் ஆளாக்கியது பிறமலைக் கள்ளர் ஆய்வுதான்” என்று ஏட்டுப்புலி அடித்துவிட்டிருக்கிறார். பாரிசின் உயராய்வு நிறுவனமான எக்கோல் பிராத்தீக்கில் அவருக்குப் பதவி 1955-இல். கள்ளர் நூல் அச்சேறியது 1957-இல். வராத புத்தகத்தைப் பார்த்தா வேலை கொடுத்தார்கள்?

ஏட்டுப்புலி: ஆய்வு என்றால் புத்தகம் மட்டும்தானா ஐயா? மதுரைக்கு மேற்கே களப்பணி 1949-50. அதிலிருந்து பிறந்தது 1953-இல் ‘மேன்’ என்ற மானிடவியல் இதழில் வந்த திராவிட உறவுமுறைக் கட்டுரை. அதன் தொடர்ச்சிதான் படிநிலையும் மண உறவும் பற்றிய 1957 சிறுநூல். தாய்மாமனை அம்மாவின் உடன்பிறப்பாக மட்டும் பார்க்காதே, அப்பாவுக்கு மைத்துனனாகப் பார் என்றார். மாமன் சீர் ஏன் தலைமுறை தாண்டி வருகிறது என்பது அப்போதுதான் விளங்குகிறது. மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ரோஸ் உறவுமுறை பற்றி எழுதிய 1949 நூல் பாரிசில் கிளப்பிய விவாதத்துக்கு இதைவிட நல்ல சரக்கு எது?

வைகைக்கரையான்: அந்த இரண்டும் எந்த ஊரில் வெளியாயின? லண்டன். எந்த மொழி? ஆங்கிலம். 1951-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் விட்டுப்போன விரிவுரையாளர் இடத்தில் உட்கார்ந்து, எவன்ஸ்-பிரிச்சர்டு நடத்திய மானிடவியல் துறையில் நாலு வருஷம் பட்டை தீட்டிக்கொண்டவர். உசிலம்பட்டிப் பக்கம் கிடைத்தது தரவு, அவ்வளவுதான். பதவி 1955, புத்தகம் 1957. கணக்குப் போடத் தெரியுமா?

நடுத்தெரு: அங்கீகாரம் என்றால் பதவியா, வாசகரா? முதலில் அதைச் சொல்லுங்கள். பிரான்சின் தாரஸ்கோன் ஊர்த் திருவிழா பற்றிய அவர் நூலும் 1951-இலேயே வந்ததே, அது உள்நாட்டுக் களப்பணி.

வைகைக்கரையான்: நடுத்தெருவுக்கு வகுப்பெடுக்க நேரமில்லை. 1955. 1957.

ஏட்டுப்புலி: அதே ரெண்டு எண்ணை எத்தனை தடவை ஓதுவீர்? தரவு இல்லாமல் எதைத் தீட்டினாராம், காற்றையா? கள்ளர் நூலின் ஆங்கிலப் பதிப்பே 1986-இல்தான் வந்தது. நீர் படித்தது எதை? பிரெஞ்சு மூலத்தையா, முன்னுரையையா?

வைகைக்கரையான்: என் பிரெஞ்சைப் பற்றி உமக்கென்ன? போன மாதம் சாதி பற்றிய அவர் நூல் ‘ஹோமோ ஹையராக்கிக்கஸ்’ வந்த வருஷத்தை 1970 என்றவர்தானே நீர்? அது ஆங்கிலப் பதிப்பு. மூலம் 1966.

புதுக்கோட்டையான்: பிராமணன் மேலே, அரசன் கீழே என்ற துய்மோன் சூத்திரத்தையே புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசை வைத்து ஆய்வாளர் நிக்கலஸ் டர்க்ஸ் 1987-இல் உடைத்துவிட்டார். இன்னும் அவரைத் தூக்கிச் சுமக்கிறீர்கள்.

ஏட்டுப்புலி: பிறமலைக்கும் புதுக்கோட்டைக்கும் முடிச்சுப் போடாதீர். அங்கே அரசு இருந்தது. இங்கே 1947 வரை குற்றப்பரம்பரைச் சட்டம் இருந்தது.

புதுக்கோட்டையான்: அதைத்தானே சொல்கிறேன். அதிகாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுதினால் இப்படித்தான் ஆகும்.

வைகைக்கரையான்: தொண்டைமானுக்குத் தனி இழை திறங்கள். இங்கே கேள்வி பாரிஸ் நாற்காலி. 1955-இல் கொடுத்தார்கள், புத்தகம் 1957. ஏட்டுப்புலி இதற்கு மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஏட்டுப்புலி: மேலே இரண்டு முறை திறந்தாயிற்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியும்.