புதுப்பிப்பு: கார் ஷெட் பட்டறைக்கு விளக்கு மாட்டியாகிவிட்டது

கார் ஷெட்டின் ஒற்றை டியூப்லைட்டில் மரவேலை செய்ய முடியவில்லை, என்ன போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். 20 வாட் எல்.இ.டி. டியூப் நான்கு மாட்டிவிட்டேன். ஒவ்வொன்றும் தரும் வெளிச்சத்தின் அளவு ஏறக்குறைய 2000 லூமென்.

வெளிச்சத்தைவிட விளக்கு இருக்கும் இடமே முக்கியம். முன்பு விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தது. உளி வைக்கும் இடத்திலேயே என் தலையின் நிழல் விழும். இப்போது இரண்டு விளக்குகள் மேசைக்கு நேர் மேலே இருக்கின்றன. பென்சில் கோட்டின் எந்தப் பக்கம் ரம்பம் ஓடுகிறது என்பதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு அதுவே போதும்!

விளக்கின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள். 6500 கெல்வின் வெள்ளையில் தேக்கு வெளிறித் தெரிந்ததால் 4000 கெல்வின் எடுத்தேன்.

வட்ட ரம்பம் வைத்திருப்பவர்களே, பழைய சோக் டியூப்லைட்டைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அது நொடிக்கு 100 முறை மினுக்குவதால் சுழலும் பற்கள் நிற்பதுபோலத் தோன்றக்கூடும்.