‘டயஜெட்டிக்’ ஒலிக்கு ஒரு தமிழ்ச் சொல்

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சினிமா ஒலியில் டயஜெட்டிக், நான்-டயஜெட்டிக் என்ற இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்லலாம் என்று ஐயாவும் மற்றவர்களும் முன்வைத்த சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

கடலூரில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகளுக்கு ஒலி வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் அவர்கள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் எடுத்த குறும்படத்தை எடிட் செய்துகொண்டிருந்தோம். டீக்கடை ரேடியோவில் பாட்டு, பாய்லர் இரைச்சலோடு கரகரவென்று வருகிறது. பையன் டம்ளரை வைத்துவிட்டு மணலில் இறங்குகிறான். பாட்டின் கரகரப்பு போய், தெளிந்து, கடல் முழுக்க நிறைகிறது. இது என்ன ஒலி என்று கேட்டேன். பாதிப் பேர் ‘பின்னணி இசை’ என்றார்கள். ஒரு மாணவி மட்டும், “கடையில இருக்கிற வரைக்கும் டயஜெட்டிக், அப்புறம் இல்ல மேடம்” என்றாள். சரியான விடை. அதைச் சொல்லத்தான் தமிழில் சொல் இல்லை.

கதைமாந்தர் வாழும் உலகத்தில் பிறக்கும் ஒலி டயஜெட்டிக். பார்க்கிற நமக்கு மட்டும் கேட்பது நான்-டயஜெட்டிக். டயஜெட்டிக் என்பது, எடுத்துரைப்பு என்ற பொருள் கொண்ட பழைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் சூரியோ 1951இல் எழுதிய கட்டுரையில், படம் காட்டும் கதையின் உலகம் என்ற பொருளில் அதை எடுத்தாண்டார். நம் ஸ்டூடியோக்களில் புழங்கும் ‘ஆர்.ஆர்.’ (பின்னணி இசை சேர்ப்பது), ‘எஃபெக்ட்ஸ்’ (சத்தங்கள் சேர்ப்பது) எல்லாம் வேலையின் பெயர்கள். இந்த வேறுபாட்டை அவை சொல்வதில்லை.

ஐயா டயஜெட்டிக்குக்கு ‘அகவொலி’, மற்றதற்குப் ‘புறவொலி’ என்று எழுதியிருந்தீர்கள். தொல்காப்பியச் சாயல் எனக்கும் பிடித்தது. ஆனால் அகம் என்றதும் பிள்ளைகளுக்கு மனம்தான் நினைவுக்கு வரும். மைண்ட் வாய்ஸை மட்டுமே அகவொலி என்பார்கள். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கண்ணில் படாமல் போகும் ரயிலின் ஹாரனைப் புறவொலி என்று எழுதிவிடுவார்கள். அதுவோ கதைக்குள் கேட்பது.

‘கதைவெளி ஒலி’யும் உதவாது. வெளி என்றால் பரப்பும் ஆகும், வெளியேயும் ஆகும். இரண்டு எதிர்ப் பொருளுக்கும் இடம் கொடுக்கிறது. களம் என்று போய்ப் பார்த்தேன். களம், ஒலி இரண்டும் புணர்ந்தால் மகரம் கெட்டு ‘களவொலி’ ஆகிறது. களவு வந்து குறுக்கே நிற்கிறது.

இன்னொருவர் சொன்ன ‘சேர்ப்பொலி’யை நான்-டயஜெட்டிக்குக்கு வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் படமே அதை மறுத்துவிட்டது. பையனின் காலடிச் சத்தம் அலையில் அமுங்கிப்போனதால், தாம்பாளத்தில் மணல் பரப்பி, மைக்கைக் கணுக்கால் அருகே பிடித்து, வகுப்பறையில் மிதித்துப் பதிவு செய்தோம். படத்துக்கு ஏற்ப இப்படிச் சத்தங்களைத் தனியே உண்டாக்கிப் பதிவதுதான் ஃபோலி வேலை. பிறகு சேர்த்த ஒலிதான், ஆனால் கதைக்குள் அவன் கால்தான் மிதிக்கிறது. எங்கே பதிவானது என்பது கணக்கே இல்லை.

ஆகவே என் பரிந்துரை: கதையுள் ஒலி, கதைமேல் ஒலி. பின்னணி இசையும் கதைக்கு வெளியிலிருந்து பேசும் கதைசொல்லியின் குரலும் கதையின் மேல் போர்த்தப்படுபவை என்பதால் ‘மேல்’. வகுப்பில் சொன்னதும் அந்த மாணவி, “அப்ப பாட்டு உள்ளேயிருந்து மேலே ஏறுது” என்றாள். விளக்கவே தேவைப்படவில்லை.

பிள்ளைகளுக்கு எழுதிவரும் ஒலிக் கையேட்டை முடிக்கும் முன் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையனே வயதான பிறகு பழசை நினைத்துச் சொல்வதுபோல ஒரு குரல் வந்தால், அவன் கதைக்குள் இருப்பவன், குரல் அந்தக் காட்சிக்குள் இல்லை. நான் கதைமேல் ஒலி என்றே குறித்திருக்கிறேன். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?