பகலில் பறக்கும் நீல அந்துப்பூச்சி: டிஸ்பேனியா பேரினம்தானா?

கேள்வி – ஓடைக்கரை

கூடலூருக்கு மேற்கே, தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓர் ஓடை இருக்கிறது. அதன் கரையிலுள்ள மரங்களின் உச்சியைச் சுற்றிக் காலை வெயிலில் பறந்துகொண்டிருந்த பெரிய பூச்சி ஒன்று, சற்று நேரம் இலைமேல் அமர்ந்தபோது படம் எடுத்தேன். இறகுகளின் அடிநிறம் சாம்பல் கலந்த வெளிர்நீலம். அதன்மேல் கருஊதாப் பட்டைகளும் திட்டுகளும் இருந்தன. உடன் வந்த நண்பர் அதை நீல வரியன் வண்ணத்துப்பூச்சி என்கிறார். எனக்கோ அது ஜியோமெட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்த டிஸ்பேனியா அந்துப்பூச்சியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. படத்தை மட்டும் வைத்துப் பேரினத்தை உறுதி செய்ய முடியுமா? எந்தெந்த அடையாளங்களைப் பார்க்க வேண்டும்?

பதில் – இறகுநரம்பு

முதலில் நீல வரியனை விலக்கிவிடலாம். அதன் இறகு கறுப்பு, கோடுகள் வெளிர்நீலம். உங்கள் பூச்சியில் இது தலைகீழாக, வெளிர்நீலத்தின்மேல் கருமை படிந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு அதன் நுனி குமிழ்போலத் தடித்திருக்கும். இங்கே அது நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகிறது. அமர்ந்திருக்கும் நிலையும் பேசுகிறது: நான்கு இறகுகளையும் இலைமேல் தட்டையாக விரித்து, பின்னிறகுகளும் வெளியே தெரியும்படி அமர்ந்திருக்கிறது. அகன்ற இறகு, ஒப்பீட்டில் மெலிந்த உடல், இந்த விரிந்த அமர்வு ஆகிய மூன்றும் சேரும்போது ஜியோமெட்ரிடே குடும்பம் என்று கருத நல்ல இடமிருக்கிறது.

டிஸ்பேனியா என்ற பேரினத்தை 1819இல் ஹ்யூப்னர் நிறுவினார். இது ஜியோமெட்ரினே துணைக்குடும்பத்தில் அடங்கும். அந்தத் துணைக்குடும்பத்துப் பூச்சிகளில் பெரும்பாலானவை இலைப்பச்சை நிறத்தில், இரவில் விளக்கைத் தேடி வருபவை. டிஸ்பேனியாவோ பச்சையே இல்லாமல், பட்டப்பகலில், எல்லோர் கண்ணிலும் படும் நிறத்தோடு திரிகிறது. பெரிய உடலளவு, நீண்ட முன்னிறகு, பகல் பறத்தல், கருஊதாத் திட்டுகள் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்த பூச்சி தென்னிந்தியக் காடுகளில் வேறு எந்த ஜியோமெட்ரிடே பேரினத்தையும் எளிதில் நினைவூட்டாது. நீலம் மின்னும் மிலியோனியா பேரினமும் பகலில் பறப்பதுதான். ஆனால் அதன் அடிநிறம் கறுப்பு, அதன் புழுக்கள் பொடோகார்பஸ் போன்ற ஊசியிலை வகை மரங்களைத் தின்பவை.

பதில் – தேயிலைமேடு

மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் தேயிலைத் தோட்டத்தின் ஓரம் என்பதால் ஸைகேனிடே என்ற மற்றோர் அந்துப்பூச்சிக் குடும்பத்தையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தேயிலையைத் தாக்கும், அக்குடும்பத்தைச் சேர்ந்த எடெரூசியாவும் பகலில் பறக்கும், அதன் இறகிலும் நீலக்கருமை ஓடும். அது அமரும்போது இறகுகளைக் கூரைபோல் உடலின்மேல் சாய்த்து வைத்துக்கொள்வதால், உங்கள் படத்துக்குப் பொருந்தவில்லை. ஐயம் தீர வேண்டுமானால் புழுவைத் தேடுங்கள். எடெரூசியாவின் புழு தடித்த, செங்கல் நிறமான, அட்டைபோல் மெதுவாக நகரும் உருவம். ஜியோமெட்ரிடே புழுவுக்கு வயிற்றுப்பகுதியில் இரண்டு இணைப் போலிக்கால்கள் (கால்போன்ற சதைப் புடைப்புகள்) மட்டும், அவையும் பின்கோடியில், இருப்பதால் அது உடலை வளைத்து வளைத்து அளந்து செல்லும்.

வளைந்து நடப்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஆமணக்கில் வரும் காவடிப்புழுவும் அப்படித்தான் நடக்கிறது. அது வேறு குடும்பம். அதன் போலிக்கால்களை எண்ணினால் கூடுதலாக இருக்கும். எண்ணிக்கைதான் தீர்ப்பு, நடை அல்ல.

பதில் – இறகுநரம்பு

புழு என்று வந்துவிட்டதால் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கணிப்பில் இந்தப் பேரினத்துக்கு அதுவே மிக வலுவான சான்று. டிஸ்பேனியா புழுக்களின் உணவுத் தாவரம் கராலியா பிராக்கியாட்டா என்ற மரம். அலையாத்தி மரங்கள் அடங்கிய ரைசோஃபோரேசி குடும்பத்தைச் சேர்ந்திருந்தாலும், இது உள்நாட்டுப் பசுமைமாறாக் காடுகளிலும் ஓடையோரங்களிலும் சதுப்புகளிலும் வளர்கிறது. இலைகள் எதிரெதிராக, தடித்து, பளபளப்பாக இருக்கும். அடிப்புறத்தில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். கிளை நுனியில் இளம் மொட்டை மூடியபடி கூரான இலையடிச் செதில் ஒன்று நிற்கும். பூச்சி அம்மரத்தைச் சுற்றிச்சுற்றி வந்ததா என்பதையும், இளந்தளிரில் மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளி இட்ட புழு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஓடைக்கரை

இன்று மறுபடியும் சென்று பார்த்தேன். மரம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது: எதிரிலைகள், அடியில் புள்ளிகள், நுனியில் கூரான செதில். புழு கண்ணில் படவில்லை. ஆனால் கைக்கு எட்டும் கிளைகளில் தளிர்கள் ஓரத்திலிருந்து நடுநரம்பு வரை தின்னப்பட்டிருக்கின்றன. இதை டிஸ்பேனியா பெர்கோட்டா என்றே பதியலாமா?

பதில் – தேயிலைமேடு

தின்னப்பட்ட தளிரை யார் தின்றார்கள் என்று சொல்ல முடியாது; அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பேரினத்தை உறுதியாகவே பதியுங்கள். சிற்றினத்தைப் பொறுத்தவரை, வெளிர்நீல அடிநிறம் பெர்கோட்டாவுக்குப் பொருந்துகிறது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ள டிஸ்பேனியா மிலிடாரிஸ் என்றால் அடிநிறம் பளிச்சென்ற மஞ்சளாக இருந்திருக்கும். இலங்கையில் காணப்படும் பல்மிரா என்ற சிற்றினத்தின் புழுவும் இதே கராலியாவைத்தான் உண்கிறது. ஆகவே மரம் பேரினத்தைக் காட்டுமே தவிர, சிற்றினத்தைப் பிரித்துத் தராது. இறகின் மேற்புறம் முழுவதும் நேர்ப்பார்வையில் தெரியும் படத்தை முதலாவதாக வைத்து, மரத்தின் பெயரையும் பூச்சி பறந்த நேரத்தையும் குறிப்பில் எழுதி, கிளை நுனியின் படத்தையும் அதோடு இணைத்துவிடுங்கள்.